சஸ்பென்ஸ் கணக்கில் ஒரு அரண்மனை

எங்கள் கிளையில் வேலை பார்க்கும் ஒருவருடைய மூத்த மகளுக்குக் கல்யாண வரவேற்பு. பத்திரிகையில் இடம் ‘பேலஸ் கிரவுண்ட்ஸ், பெங்களூர்’ என்று போட்டிருந்தது. தங்கமணிக்கு ஒரே குஷி. பதினோரு வருஷமா இந்த ஊரில் குப்பை கொட்டியும் அரண்மனை வாசலைக்கூட மிதித்ததில்லை. இருந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஆடிட், கேம்ப், மாமியார் வருகை என்று போய்விட்டது. இப்போ அழைப்பே வந்திருக்கு, அதுவும் சாப்பாட்டோடு.

மேக்ரி சர்க்கிள் பக்கம் வண்டி ஊர ஆரம்பித்தது. முகூர்த்த நாளில் அந்த வழியாக ஏர்போர்ட் போகிறவர்கள் விடும் சாபத்துக்குக் கணக்கே கிடையாது. ஒரே மதில், அதில் வாசல் வாசலாகத் தோரணம், ஒவ்வொரு வாசலிலும் பூவால் எழுதின ஒரு ஜோடிப் பெயர். சரியாகப் படிக்காமல் ஒன்றில் நுழைந்துவிட்டோம். பன்னீர் தெளித்தார்கள், கல்கண்டு கொடுத்தார்கள், மேடை வரை போய்ப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மொய்க் கவரைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, அடுத்ததுக்கு அடுத்த வாசலில் சரியான கல்யாணத்தைப் பிடித்தோம்.

அந்த மண்டபத்தின் முகப்பு அசல் அரண்மனை. குவிமாடம், தூண், வளைவு, இரண்டு பக்கமும் யானை. “ஆஹா!” என்று தங்கமணி தூணைத் தொட்டுப் பார்த்தாள். டொக் டொக். பிளைவுட். யானை தெர்மாகோல். “அப்போ நிஜ அரண்மனை எங்கங்க?” என்றாள். நான் நாலு திசையும் பார்த்தேன். தகரக் கூரைகளும் ஜெனரேட்டர் வண்டிகளும்தான் தெரிந்தன.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இது. நான் பி.காம். படித்தவன், சரித்திரம் எட்டாவதோடு சரி. அதனால் இதைக் கணக்குப்பிள்ளை பார்வையில் எழுதின சரித்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வசந்த நகர் பக்கமாகச் சுற்றிப் போய், டிக்கெட் வாங்கிக்கொண்டு நிஜத்தையே பார்த்துவிட்டோம். (2005-லிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறார்கள். டிக்கெட் கொஞ்சம் காரம்தான்.) கொடி படர்ந்த சுவர், கோட்டை மாதிரி மேலே பல்லுப் பல்லாகக் கைப்பிடிச்சுவர், உருண்டைக் கோபுரங்கள். நம்ம ஊர் ஜமீன் பங்களாக்களின் சாயல் துளியும் கிடையாது, முழுக்க இங்கிலாந்துக் கோட்டை ஜாடை. உள்ளே மாடியில் தர்பார் ஹால். படியேறும் இடத்தில் பாடம் செய்த யானைத் தலை. கீழே நடுமுற்றத்தில் நீலப் பீங்கான் ஓடு பதித்த கல் ஆசனங்கள். பக்கத்திலேயே ராஜா தன் நண்பர்களுக்கு விருந்து கொடுத்த நடனக்கூடம். ஆக, விசேஷ மண்டபம் என்ற தொழில் இந்தக் கட்டடத்துக்குப் புதிது இல்லை. அன்றைக்கு வாடகை கிடையாது, அவ்வளவுதான்.

லண்டன் போன மகாராஜா வின்ட்சர் கோட்டையைப் பார்த்து மயங்கி, வந்து இதைக் கட்டினார் என்று ஆட்டோக்காரர் முதல் அடுத்த வீட்டு மாமா வரை எல்லோரும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. தேதிதான் இடிக்கிறது.

1831-ல் பிரிட்டிஷ்காரர்கள் மைசூர் நிர்வாகத்தை மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். கமிஷனர் ஆட்சி. தலைமையிடம் மைசூரிலிருந்து பெங்களூருக்கு வந்தது. முப்பத்தேழு வருஷம் ராஜ்யத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே இருந்து, 1868-ல் கிருஷ்ணராஜர் கண்ணை மூடினார். அவர் தத்தெடுத்த சாமராஜேந்திரன் அப்போது ஐந்து வயதுக் குழந்தை. அந்தக் குழந்தையை வளர்த்து, படிக்க வைத்து, ராஜ்யத்தை ஒருநாள் கையில் கொடுக்க வேண்டும். அதற்காக ஆங்கிலேயக் காப்பாளர்களை நியமித்தார்கள்.

இதற்கு நடுவே பெங்களூரில் ரெவரெண்ட் காரெட் என்று ஒரு பாதிரியார். பிற்பாடு சென்ட்ரல் காலேஜ் ஆன பள்ளிக்கூடத்தின் முதல் பிரின்ஸிபால். 1862 வாக்கில் ஊருக்கு வெளியே ஒரு வீடு கட்ட ஆரம்பித்தார். அந்த வீட்டையும் நிலத்தையும்தான் காப்பாளர்கள் 1873-ல் சின்ன ராஜாவுக்காக வாங்கினார்கள். விலை 40,000 ரூபாய். அப்போது ராஜாவுக்கு வயது பத்து. பத்து வயதுப் பையன் எங்கே வின்ட்சரைப் பார்த்து மயங்குவது? தங்களுக்குப் பழகின வீட்டு ஜாடையை வெள்ளைக்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 1874-ல் பெரிய அளவில் வேலை ஆரம்பித்து 1878-ல் முடித்தார்கள்.

அந்த ஆண்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அது மைசூரையும் போட்டுத் தாக்கியது 1876 முதல் 1878 வரை. 1871 கணக்கெடுப்பில் சுமார் 50 லட்சம் பேர் இருந்த ராஜ்யத்தில் 1881-ல் 42 லட்சத்துக்கும் குறைவாகத்தான் இருந்தார்கள். பஞ்சத்துக்கு அரண்மனை காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே பேரேட்டின் அடுத்தடுத்த பக்கங்களில் வரவேண்டிய செலவுகள்.

என்னைப் போன்ற ஆளுக்கு முக்கியமான விஷயம் வேறு. அந்த 40,000 எந்தக் கணக்குத் தலைப்பில் போனது? அரசாங்கக் கஜானாவிலிருந்து இல்லை, ராஜாவின் சொந்தப் பணத்திலிருந்து. ஒரு வரிப் பதிவு. நூற்று ஐம்பது வருஷம் கழித்தும் மொத்த வழக்கும் அந்த ஒரு வரியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இங்கே நம்மவர் ஒருவர் வருகிறார். செங்கல்பட்டுப் பக்கம் பிறந்த ரங்காசார்லு. சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்தவரை, 1868-ல் கிருஷ்ணராஜர் இறந்ததும் மைசூர் அரண்மனையின் கணக்கு வழக்கைச் சீர்படுத்தக் கூட்டிக்கொண்டு போனார்கள். நகை, கடன், சம்பளப் பட்டியல் என்று மலையாகக் குவிந்துகிடந்ததை உட்கார்ந்து ஒழுங்கு செய்தவர். 1881-ல் ராஜ்யம் சாமராஜேந்திரர் கைக்குத் திரும்பியபோது அவர்தான் முதல் திவான். அதே வருஷம் மக்கள் பிரதிநிதி சபை ஒன்றையும் கூட்டினார். வெளியூரில் போய் அடுத்தவன் கணக்கைச் சரிபார்த்தே தலை நரைத்த ஆள் என்பதால் எனக்கு இவர் மேல் தனிப் பாசம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சுதந்திரம் வந்தது, மைசூர் இந்தியாவோடு சேர்ந்தது. கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். எது அரசு சொத்து, எது ராஜாவின் சொந்தச் சொத்து என்று பிரித்தபோது பெங்களூர் அரண்மனை சொந்தப் பக்கம் வந்தது. கூடவே வருஷத்துக்கு 26 லட்சம் மன்னர் மானியம். 1971-ல் இந்திரா காந்தி அந்த மானியத்தை நிறுத்தினார். 1974-ல் ஜெயசாமராஜேந்திரரும் போய்ச் சேர்ந்தார். மகன் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையாருக்கு ஊர் நடுவில் நானூற்றுச் சொச்சம் ஏக்கர் இருந்தது. மானியம் இல்லை. வரி நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்தது. சொத்து மலை மாதிரி, கையில் ரொக்கம் இல்லை. இந்த வகை வாடிக்கையாளரை நாங்கள் மாசத்துக்கு ரெண்டு பேரையாவது பார்க்கிறோம். அவர்கள் செய்வது என்னவோ அதையே அரண்மனையும் செய்தது. இடத்தை வாடகைக்கு விட்டது.

சும்மா சொல்லக்கூடாது, வந்தவர்கள் பட்டியல் பெரிசு. 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ், 2007-ல் அயர்ன் மெய்டன், 2011-ல் மெட்டாலிகா. நம் புத்தகப் பிரியர்களுக்காகப் புத்தகக் கண்காட்சி, அப்புறம் நாற்காலி மேஜைக் கண்காட்சி, கட்சி மாநாடு, சாமியார் சொற்பொழிவு. எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணம், கல்யாணம், கல்யாணம்.

இப்போ வழக்கு. 1996-ல் கர்நாடக அரசு ஒரு தனிச் சட்டமே போட்டு, அரண்மனையையும் சுற்றியுள்ள 472 ஏக்கர் 16 குண்டே நிலத்தையும் (40 குண்டே ஒரு ஏக்கர்) எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. இழப்பீடு 11 கோடி. குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. 1997-ல் ஹைகோர்ட் சட்டம் செல்லும் என்றது. மேல்முறையீடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பு வரும்வரை இருப்பது இருந்தபடி இருக்கட்டும் என்று உத்தரவு. 2013 டிசம்பர் 10-ம் தேதி நரசிம்மராஜ உடையாரே காலமானார். 2025 பிறந்தபோதும் அந்த மேல்முறையீட்டுக்கு முடிவு வந்திருக்கவில்லை.

வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் போடுவது என்று உடனே தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். சீக்கிரம் விசாரித்து உரிய கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். நாள் கடந்த ஒரு பதிவு இருந்தால் இன்ஸ்பெக்ஷன் வருகிறவர் நம்மை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். ஒருமுறை 1,840 ரூபாய்க்காக நான் மூன்று நாள் பழைய வவுச்சர்களைக் கிளறியிருக்கிறேன். இங்கே என்னடா என்றால் 472 ஏக்கர், கால் நூற்றாண்டுக்கும் மேலே சஸ்பென்ஸில் கிடக்கிறது.

தகரக் கூரைகளுக்கும் இதுதான் காரணம். வழக்கு நடக்கும் நிலத்தில் நிரந்தரக் கட்டடம் எழுப்ப முடியாது. அதனால் எல்லாமே ‘தற்காலிகம்’. இரும்புச் சட்டம், தகரம், பிளைவுட், துணி. பிரித்தெடுக்கலாம் என்பதால் கட்டடம் இல்லை. ஏசி இருக்கும், சரவிளக்கு இருக்கும், ரெண்டாயிரம் பேர் உட்காரும் சாப்பாட்டுக்கூடம் இருக்கும். ஆனால் கட்டடம் இல்லை.

எனக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. சில வருஷத்துக்கு முன்னால் அந்த மைதானத்தில் பந்தல், அலங்கார வேலை எடுத்துச் செய்யும் ஒருவர் கிளைக்கு வந்தார். சேலம் பக்கத்துக்காரர், அறுபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். கூடத்தைப் பெரிதாக்க லோன் வேண்டும். வரவு செலவு அருமை, வட்டி கட்டும் சக்தி தாராளம். ஆனால் ஈடு? நிலம் அவருடையது இல்லை. யாருடையது என்பதே கோர்ட்டில் இருக்கிறது. கூடம் சட்டப்படி நாளைக்கே கழற்றவேண்டிய சாமான். பேனல் வக்கீலிடம் அனுப்பினேன். ஒரே பக்கத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதி அனுப்பினார். நானும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிட்டேன். “சார், எங்கப்பா காலத்துலயிருந்து இங்கதான் கொட்டகை போடறோம். இதைவிட நிரந்தரமா எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே கடன் வாங்கியிருப்பார், என்ன வட்டிக்கோ.

அன்றைக்கு மாலை அந்த நிலத்தின் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தவன்தான். இன்றுவரை எனக்குத் தலை சுற்றுகிறது.

முதல் விலை. சொத்து வரி வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட் வரை போய் 2015 செப்டம்பரில் தீர்ப்பானது. எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் நடுவரைக்குமான வருஷங்களுக்கு, அரண்மனையைச் சுற்றியுள்ள காலி நிலத்துக்கு என்ன மதிப்பு வைப்பது என்று கேள்வி. 1976 நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டப்படி அது உபரி நிலம். அரசு எடுத்தால் எவ்வளவு பெரிய நிலமானாலும் இழப்பீடு அதிகபட்சம் 2 லட்சம்தான். அப்படித் தலைக்கு மேல் கத்தி தொங்கும் நிலத்தை வேறு யார் அதிக விலைக்கு வாங்குவான்? ஆகவே மதிப்பு 2 லட்சம் என்று குடும்பம் வாதாடியது. கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. சரியான வாதம், நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். இரண்டு லட்சம்!

இரண்டாவது விலை 1996 சட்டத்தின் 11 கோடி. வகுத்துப் பார்த்தால் ஏக்கர் 2 லட்சத்து 32 ஆயிரம் சொச்சம். சதுர அடி 5 ரூபாய் 35 காசு. 1996-லேயே அந்தக் காசுக்குப் பெங்களூரில் ஒரு மசால் தோசை அளவு நிலம்கூடக் கிடைத்திருக்காது.

மூன்றாவது விலைதான் க்ளைமாக்ஸ். பெல்லாரி ரோட்டையும் ஜெயமகால் ரோட்டையும் அகலப்படுத்த மைதானத்தின் ஓரத்திலிருந்து 15 ஏக்கர் 39 குண்டே தேவைப்பட்டது. அதற்குப் பணமாக இல்லாமல் டி.டி.ஆர். கொடுக்க வேண்டும் என்று விவகாரம். (உன் நிலத்தை ரோட்டுக்குக் கொடு, அதற்குப் பதிலாக வேறு இடத்தில் கூடுதல் மாடி கட்டும் உரிமையைச் சீட்டாகத் தருகிறேன், நீ அதை விற்றும் கொள்ளலாம் என்கிற ஏற்பாடு.) கொடுக்காமல் இழுத்தடித்ததால் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு. 2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், பத்திரப் பதிவுக்கான அரசு வழிகாட்டி மதிப்பின்படியே டி.டி.ஆர். கொடு என்று சொல்லிவிட்டது. மதிப்பு சுமார் 3,000 கோடி. கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டினேன். ஏக்கருக்கு 188 கோடி வாக்கில் வருகிறது. சதுர அடி 43,000 ரூபாய்.

ஒரே மதிலுக்குள் இருக்கும் ஒரே மண். இரண்டு லட்சம், பதினோரு கோடி, ஓரத்தில் ஒரு துண்டுக்கு மட்டும் மூவாயிரம் கோடி. வரி கட்டும்போது குடும்பத்துக்கு அது ஒன்றுமில்லாத நிலம், ரோடு போடும்போது தங்கம். எடுத்துக்கொள்ளும்போது அரசுக்கு அது அஞ்சு ரூபாய் நிலம், பத்திரம் பதிய வருகிற உங்களிடமும் என்னிடமும் மட்டும் வழிகாட்டி மதிப்பு. யாரையும் தனியாகக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

3,000 கோடியைக் கேட்டு மாநில அரசு ஆடிப்போனது. 2025 ஜனவரி கடைசியில் அவசரச் சட்டம் போட்டார்கள், மார்ச்சில் அது சட்டசபையில் மசோதாவாகவும் நிறைவேறியது. ரோட்டை அகலப்படுத்துவதா, கைவிடுவதா என்பதை அரசே முடிவு செய்துகொள்ளும் என்பது சாரம். இந்த அவசரச் சட்டம் வந்து இரண்டு வாரத்தில், பிப்ரவரி 2025-ல், மாநில அரசின் முதலீட்டாளர் மாநாடு கோலாகலமாக நடந்தது. எங்கே? அதே பெங்களூர் அரண்மனையில். 2024 நவம்பரில் அரசின் தொழில்நுட்ப மாநாடும் அங்கேதான். மதிலுக்கு இந்தப் பக்கம் வழக்கு, அந்தப் பக்கம் வரவேற்புத் தோரணம். கல்யாண வீட்டில் சம்பந்திகள் சண்டை போட்டுக்கொண்டே ஒரே பந்தியில் சாப்பிடுவது மாதிரி.

என் கட்சி என்ன என்று கேட்டால், 11 கோடிக்கு அந்த நிலத்தைக் கேட்டது அநியாயம். அதே சமயம் ஊரின் நடுவே லால்பாக்கை விட இரண்டு பங்கு நிலம் தலைமுறைக்கும் ஒரு குடும்பத்தின் சொந்தம் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. ‘சொந்தப் பணம்’ என்று 1873-ல் எழுதினார்களே, பத்து வயதுப் பையனுக்கு ஏது சொந்தப் பணம்? ராகி விளைவித்தவன் கட்டின வரியில்தானே எல்லாம்? ஆனால் அப்படிக் கிளற ஆரம்பித்தால் இந்த நாட்டில் பாதிப் பத்திரம் செல்லாமல் போய்விடும். வங்கிக்காரன் அதைச் சொல்லக்கூடாது. நியாயமான விலை கொடுத்துப் பூங்காவாக ஆக்கியிருக்கலாம். அல்லது சட்டத்தையே வாபஸ் வாங்கி, கட்டு, ஆனால் பாதியைப் பச்சையாக விடு என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் நடக்காததால் கிடைத்தது பிளைவுட் அரண்மனைகள். தற்காலிகம் என்பதால் யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை. சாக்கடை, பார்க்கிங், சத்தம் எதுவும் யாருடைய பொறுப்பும் இல்லை. ஜெயமகால் பக்கம் குடியிருக்கும் எங்கள் ஓய்வுபெற்ற சீஃப் மேனேஜர் சொல்வார், தை மாசம் முழுக்க அவர் வீட்டில் நாதஸ்வரம் கேட்டே காபி குடிக்கிறாராம், ராத்திரி பதினோரு மணிக்கு.

இத்தனைக்கும் நடுவில் அந்த நிஜ அரண்மனை இருக்கிறது. நாங்கள் போன அன்று உள்ளே முப்பது பேர் இருந்தால் அதிகம். புல்வெளி ஓரத்தில் அன்றிரவு விசேஷத்துக்கு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கமணி வெளியே வந்து சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. “இது கல்லுதான்” என்றாள் திருப்தியாக.

சொல்ல மறந்துவிட்டேன். வரவேற்பு அன்று கை கழுவுகிற இடத்தில் அந்தச் சேலத்துக்காரரைப் பார்த்தேன். அந்தக் கூடமே அவருடையதுதானாம். லோன் கொடுக்காத கோபம் துளியும் இல்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், தனியாக எடுத்து வைத்திருந்த ஒப்பட்டுவை நெய் ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் அப்பா, எங்கள் கிளைக்காரர், வேர்க்க விறுவிறுக்க வந்தார். இரண்டாவது மகளுக்கும் வரன் கூடிவந்திருக்கிறதாம். நல்ல தேதி எல்லாம் பறந்துவிடுமாம். ஒன்றரை வருஷம் கழித்து வரும் ஒரு மாசி முகூர்த்தத்துக்கு அதே தற்காலிகக் கொட்டகையில் அங்கேயே நின்றபடி அட்வான்ஸ் கொடுத்தார். சேலத்துக்காரர் பில் புத்தகத்தை மடியில் வைத்து எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, சாட்சிக்கு என்னிடம் நீட்டினார். போட்டேன்.